பள்ளத்து வீட்டில் ரேடியோ ஸ்கேனர்: அன்டெனாவை மேட்டுக்கு ஏற்றிய அனுபவம்

பல அலைவரிசைகளை மாறி மாறித் தேடிக் கேட்கும் ரேடியோ ஸ்கேனரோடு பெட்டியில் வரும் குட்டை ரப்பர் அன்டெனா, சமவெளியில் மாடி வீட்டில் இருப்பவருக்குப் போதுமாக இருக்கலாம். இலங்கை மலையகத்தில், அதுவும் பள்ளத்தில் வீடு உள்ளவருக்கு அது போதவே போதாது. நான் இருப்பது டிக்கோயாப் பக்கம். சரிவை வெட்டிச் சமப்படுத்திய நிலத்தில் கட்டிய வீடு. பின்சுவரைத் தாண்டியதும் மண்மேடு, முன்னால் தேயிலை, அதற்கு அப்பால் எதிர்மலை. இப்படிப்பட்ட இடத்தில் ஸ்கேனரை உருப்படியாக வேலை செய்ய வைக்க என்னென்ன செய்தேன், எதற்கு எவ்வளவு பலன் கிடைத்தது என்பதை எழுதி வைக்கிறேன். இதே நிலையில் இருக்கும் யாராவது ஒருவர் சிக்னலைப் பலப்படுத்தும் பெருக்கி வாங்கப் பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்தால் நல்லது.

முதலில், நான் எதைக் கேட்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையிலான வானூர்தி அலைவரிசை, 144இல் தொடங்கும் அமெச்சூர் ரேடியோ அலைவரிசை, வாய்ப்புக் கிடைக்கும்போது 145.800 மெகாஹேர்ட்ஸில் சர்வதேச விண்வெளி நிலையம். இவற்றோடு கணினியில் செருகும் டொங்கிள் என்ற சிறு ரேடியோ வாங்கி மூலம், விமானங்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் 1090 மெகாஹேர்ட்ஸ் தரவு. பாதுகாப்புத் துறையினரின் உரையாடல்கள் என் வேலையல்ல, அவற்றைத் தேடுவதில்லை. ரேடியோக் கருவிகள் விஷயத்தில் இங்கே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கருவியை வெளிநாட்டில் இருந்து வரவழைக்க நினைப்பவர்கள் முதலில் அங்கே கேட்டுத் தெளிவது அவசியம். காதில் விழுந்ததை ஊருக்குச் சொல்லித் திரிவதும் கூடாது.

இப்போது மலைக்கு வருவோம். இந்த அலைவரிசைகள் எல்லாம் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. தடையில்லாத வெளியில் 10,000 மீற்றர் உயரத்தில் பறக்கும் விமானத்தை 400 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தும் கேட்கலாம். மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானத்தின் தூரம் கிலோமீற்றரில் வரும். ஆனால் அந்தக் கணக்கில் மலை இல்லை. எங்கள் வாழ்க்கையில் எல்லாப் பக்கமும் மலைதான் இருக்கிறது.

ஆகவே நான் முதலில் கையில் எடுத்தது சாலிடரிங் கோலை அல்ல, பள்ளிக்கூடப் பாகைமானியை. அதன் நடுப்புள்ளியில் நூல் கட்டி, நுனியில் ஒரு சிறு கல்லைத் தொங்கவிட்டு, நேர்விளிம்பு வழியாக மலையின் உச்சிக்கோட்டைப் பார்த்தால் அது எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்பது நூல் விழும் இடத்தில் தெரிந்துவிடும். முற்றத்தில் நின்று எட்டுத் திசைக்கும் இப்படி அளந்து ஒரு தாளில் வட்டமாக வரைந்துகொண்டேன். இந்த வேலைக்கு ஒரு சதமும் செலவில்லை, ஆனால் பின்னால் செய்த ஒவ்வொரு முடிவும் அந்தத் தாளைப் பார்த்துச் செய்ததுதான்.

தாள் சொன்னது இது. கட்டுநாயக்க விமான நிலையம் இருக்கும் மேற்கு, வடமேற்குப் பக்கம் வீட்டின் பின்னால் உள்ள மண்மேடு 25 பாகை வரை மறைக்கிறது. மேடு 14 மீற்றர் உயரம், முற்றத்தில் இருந்து 30 மீற்றர் தூரம். கணக்கும் ஒத்துப் போகிறது. அந்த மேட்டுக்கு அப்பால், இரண்டு கிலோமீற்றர் தள்ளி, எங்களைவிடச் சுமார் 300 மீற்றர் உயர்ந்த ஒரு மலைமுகடு இருக்கிறது. அது மறைப்பது எட்டரைப் பாகைதான். அருகில் இருக்கும் சிறிய மேடு, தூரத்தில் இருக்கும் பெரிய மலையைவிட மூன்று மடங்கு வானத்தைத் தின்றுகொண்டிருந்தது.

இதன் விளைவைக் கிலோமீற்றரில் பார்த்தால் இன்னும் உறைக்கும். கடல்மட்டத்தில் இருந்து 11 கிலோமீற்றர் உயரத்தில், அதாவது எங்கள் வீட்டுக்கு மேலே 10 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாகப் பறக்கும் விமானம், 25 பாகைத் தடை உள்ள பக்கத்தில் 21 கிலோமீற்றருக்குள் வந்தால்தான் நேர்ப்பார்வையில் தெரியும். அதே விமானம் எட்டரைப் பாகைத் தடைக்கு மேல் 65 கிலோமீற்றரில் இருந்தே தெரியும். மலைமுகட்டை யாரும் நகர்த்த முடியாது. மண்மேட்டைத் தாண்டி ஏறலாம். மேட்டின் உச்சியில் எங்கள் மரக்கறிப் பாத்தி முடியும் மூலையில் ஒரு ஜீ.ஐ. குழாயை நட்டு, ஆறு மீற்றர் உயரத்தில் அன்டெனாவை வைத்தால், ஒரு பைசாவுக்கும் பெருக்கி வாங்காமல் கேட்கும் தூரம் மூன்று மடங்காகும். தோட்டத்து நிலத்தில் கம்பம் நட நினைப்பவர்கள் நிர்வாகத்திடம் அனுமதி பெறாமல் தொடக்கூடாது. நட்ட பிறகு பிடுங்கச் சொன்னால் வேலையும் போகும், மனமும் உடையும்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மேட்டு மூலையில் இருந்து கம்பத்தின் இறக்கம், சரிவு, சுவர், மேசை என்று சேர்த்தால் 45 மீற்றர் கேபிள் வேண்டும். சிக்னல் அந்த 45 மீற்றரையும் கடந்து வர வேண்டும்.

கேபிளைப் பற்றி அதிகம் பேசுவேன், ஏனென்றால் பலரும் பேசாமல் விடுவது இதைத்தான். மேட்டு ஊற்றில் இருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவரும்போது குழாய் வழியெல்லாம் ஒழுகினால், கீழே எவ்வளவு பெரிய அண்டாவை வைத்தாலும் ஒழுகிய தண்ணீர் திரும்பாது. கேபிளில் போன சிக்னலும் அப்படியே. வயர்லெஸ் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள், 125 மெகாஹேர்ட்ஸில் 45 மீற்றருக்கு 7 டெசிபெல் அளவில் தின்றுவிடும். அதாவது அன்டெனா பிடித்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குதான் மேசைக்கு வரும். டிஷ் டிவிக்குப் போடும் ஆர்.ஜி.6 கேபிளில் அதே தூரத்துக்கு இழப்பு 3 டெசிபெலுக்குச் சற்று மேல். ஏறக்குறைய பாதி வந்து சேரும். 1090 மெகாஹேர்ட்ஸில் வித்தியாசம் பயங்கரமானது. ஆர்.ஜி.58இல் 20 டெசிபெலுக்கு மேல் போய்விடும், நூறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆர்.ஜி.6இல் 10 டெசிபெல் அளவில் போகும். தயாரிப்பைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் கூடும், குறையும். இரண்டு கேபிள்களின் வரிசை மாறாது.

எல்.எம்.ஆர்.400 போன்ற தடித்த கேபிள் இன்னும் நல்லது. 150 மெகாஹேர்ட்ஸில் 100 மீற்றருக்கு 5 டெசிபெல்தான் இழப்பு. ஆனால் விலையும் அதை மலைநாட்டுக்கு வரவழைக்கும் அலைச்சலும் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆர்.ஜி.6 ஹட்டன் பஸாரிலேயே கிடைக்கிறது.

ஆர்.ஜி.6 என்றதும் ஒரு கேள்வி வரும். அந்தக் கேபிளின் மின்மறுப்பு (ரேடியோ அலைக்குக் காட்டும் தடை) 75 ஓம், ஸ்கேனருடையது 50 ஓம், இரண்டும் ஒத்திருக்க வேண்டாமா? இந்தப் பொருத்தமின்மையால் வரும் இழப்பு 0.18 டெசிபெல். காதுக்கு அது தெரியவே தெரியாது. ஒலிபரப்பும் கருவியாக இருந்தால் வேறு கதை. கேட்பதற்கு மட்டும் என்றால் தயங்கவே வேண்டாம். நடுக்கம்பி செம்பு பூசிய இரும்பாக இருப்பதும் குறையல்ல, ஏனென்றால் இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடுகிறது. கவனிக்க வேண்டியது வெளிப்பின்னலை. மலிவான சுருள்களில் அலுமினியத் தாளுக்கு மேல் நாலைந்து இழைகள்தான் இருக்கும். ஒரு துண்டை வெட்டிப் பார்த்து, பின்னல் அடர்த்தியாக இருப்பதையே வாங்க வேண்டும். வெளியுறை கறுப்பாக இருப்பது நல்லது. வெள்ளை உறை மலைநாட்டு வெயிலிலும் மழையிலும் சீக்கிரம் வெடித்துவிடுகிறது.

அலுமினியப் பின்னலில் ஈயம் ஒட்டாது. அதனால் ஆர்.ஜி.6இன் நுனியில் வயர்லெஸ் பிளக்கைச் சூடுபோட்டு ஒட்ட முயல்வதில் பொருளில்லை. அழுத்திப் பூட்டும் எஃப் கனெக்டரைப் போட்டு, அதற்கு மேல் ஒரு மாற்றியை வைத்து ஸ்கேனரின் பி.என்.சி. சொக்கட்டில் செருகிவிடலாம். திருகிப் போடும் எஃப் கனெக்டர் மலிவுதான், ஆனால் பனியில் மூன்று மாதம் நின்றால் தளர்ந்துவிடும்.

இனி அன்டெனா. எங்கள் பக்கம் ஒரு காலத்தில் டிவி ஏரியல் பூட்டித் திரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். பிதுருதலாகலைக் கோபுரத்தைப் பார்த்து ஏரியலைத் திருப்பி வைப்பதில் அவருக்கு நிகர் யாருமில்லை. டிஷ் வந்த பிறகு கழற்றிப் போட்ட பழைய ஏரியல்கள் அவர் வீட்டுக் கூரையின் கீழ் இன்னும் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. நான் விஷயத்தைச் சொன்னதும், “ஏரியல் செய்வது பெரிய வித்தை இல்லை தம்பி. வயரில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் வித்தை” என்றார். அலுமினியக் குழாய்களை அள்ளியும் கொடுத்தார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைக்கும் மரத்துக்கும் இடையில் செம்புக் கம்பி கட்டி இலங்கை வானொலி கேட்ட காலத்தில் இருந்து வரும் கைப்பழக்கம் அவருடையது. இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார்கள். கடைக்குப் போகும் முன் அவர்களிடம் போக வேண்டும்.

நான் செய்தது கால் அலை நீளத் தரைத்தள அன்டெனா. நேராக நிற்கும் ஒரு குழாய், அதன் அடியில் இருந்து நாலு பக்கமும் சாய்ந்து இறங்கும் நாலு குழாய்கள். நீளத்துக்குச் சூத்திரம் எளிது: 71.25ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் மீற்றரில் விடை வரும். வானூர்தி அலைவரிசையின் நடுவில் 127 என்று எடுத்தால் 56 சென்ரிமீற்றர். சாயும் குழாய்களை ஐந்து வீதம் கூட்டி 59 சென்ரிமீற்றராக வெட்டினேன். அவற்றைத் தட்டையாக விட்டால் அன்டெனாவின் மின்மறுப்பு 36 ஓம் அளவில் நிற்கும். 45 பாகை கீழே வளைத்தால் 50ஐ ஒட்டி வரும். நிலைக்குத்தாக நிறுத்துவது முக்கியம், ஏனென்றால் வானூர்தித் தொடர்பு நிலைக்குத்து முனைவாக்கத்தில்தான், அதாவது அலை மேலும் கீழுமாக அதிரும்படிதான், நடக்கிறது. கிடையாகப் படுக்க வைத்தால் நல்ல அன்டெனாவும் பாதி செவிடாகிவிடும்.

நடுக்குழாயைப் பலகையிலும் மரத்திலும் பொருத்தக்கூடாது. நனைந்த மரம் மின்காப்புப் பொருளாக நிற்காது. இறைச்சி வெட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பலகையில் இருந்து ஒரு துண்டு அறுத்தெடுத்தேன், மிக நன்றாக உதவுகிறது. அலுமினியமும் செம்பும் நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அரிக்கும், ஆகவே இடையில் துருப்பிடிக்காத உருக்கு வாஷர் போட வேண்டும்.

விரிந்த அலைவரிசை முழுவதையும் ஒரே அன்டெனாவில் பிடிக்க ஆசைப்படுபவர்களுக்கு டிஸ்கோன் என்ற வகை இருக்கிறது. மேலே வட்டத் தட்டு, கீழே கூம்பு. அது எல்லாவற்றையும் சுமாராகக் கேட்கும், எதையும் சிறப்பாகக் கேட்காது. எஃப்.எம். ஒலிபரப்பையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். நான் வேண்டாம் என்று விட்டதற்கு அதுவே காரணம்.

மலையுச்சிகளில் எஃப்.எம். ஒலிபரப்பிகள் நிற்கும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல. அன்டெனா மேட்டுக்கு ஏறியதும் விமானங்கள் தெளிவாகின. கூடவே, விமானி பேசும் இடைவெளியில் பாட்டும் விளம்பரமும் கேட்கத் தொடங்கின. ஸ்கேனரின் முன்பகுதி பலமான சிக்னலால் திணறுகிறது என்பதற்கு அது அடையாளம். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கேபிளுக்கும் ஸ்கேனருக்கும் இடையில் 10 டெசிபெல் குறைப்பான் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சிக்னலைக் குறைத்த பிறகு விமானி இன்னும் தெளிவாகக் கேட்டால் கருவி திணறியிருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் பெருக்கி போடுபவர் எரிகிற அடுப்பில் மேலும் விறகைச் செருகுகிறார்.

மருந்து 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை தடுக்கும் வடிகட்டி. கால் அலை நீளக் கேபிள் துண்டு ஒன்றை, நுனி திறந்தபடி, டி இணைப்பில் தொங்கவிட்டு இதைச் செலவில்லாமல் செய்யலாம் என்று சொல்பவர்கள் உண்டு. 98 மெகாஹேர்ட்ஸுக்கு ஆர்.ஜி.6இல் சுமார் 63 சென்ரிமீற்றர் துண்டு. செய்து பார்க்கலாம், எஃப்.எம். அடங்கவும் அடங்கும். ஆனால் 125 மெகாஹேர்ட்ஸ் பக்கத்திலேயே இருப்பதால் அங்கேயும் 3 டெசிபெலுக்கு மேல் வெட்டிவிடும். நல்ல கேபிளால் மீட்டதை இங்கே திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆகவே தயாராக விற்கும் சிறிய வடிகட்டியையே வாங்கிப் பொருத்தினேன். இந்த வேலை முழுவதிலும் புதிதாக வாங்கியதில் மிகவும் பயன் தந்தது அதுதான்.

வீட்டுக்குள்ளேயும் எதிரிகள் உண்டு. மலிவான எல்.ஈ.டி. பல்புகள், போன் சார்ஜர்கள், டிஷ் பெட்டி. ஸ்கேனரைப் பற்றரியில் போட்டுக்கொண்டு வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தால் இரைச்சல் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக் குற்றவாளியைப் பிடிக்கலாம். கேபிளின் வெளிப்பின்னல் வழியாக வீட்டு இரைச்சல் அன்டெனா வரை ஏறாமல் தடுக்க, அன்டெனாவுக்குக் கீழே கேபிளைச் சில சுற்றுச் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.

1090 மெகாஹேர்ட்ஸ் விஷயத்தில் வேறு வழியில் போனேன். அங்கே கேபிள் இழப்பு 10 டெசிபெல் என்பதால், 45 மீற்றர் இழுப்பதே பொருளற்றது. டொங்கிளையும் கைக்கடக்கமான கணினி ஒன்றையும் மழை புகாத பெட்டியில் கம்பத்தின் அடியிலேயே வைத்து, வீட்டுக்கு வலையமைப்புக் கேபிளை மட்டும் இறக்கினேன். எண்ணியல் தரவு 100 மீற்றர் வரை இழப்பில்லாமல் வரும், அதே கேபிளிலேயே மின்சாரமும் ஏறும். இந்த டொங்கிள்கள் டிவி பார்க்கச் செய்யப்பட்டவை. 2012இல்தான் அவற்றைப் பொதுவான ரேடியோ வாங்கியாகப் பயன்படுத்தலாம் என்பது பரவலாகத் தெரியவந்தது. ஏழை நாட்டுப் பொழுதுபோக்காளருக்கு அதைவிடப் பெரிய கொடை எதுவும் கிடைத்ததில்லை என்று நினைக்கிறேன்.

அந்தத் தரவில் இருந்து கிடைத்த இன்னொரு நன்மையைச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு விமானமும் தன் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே போவதால், எந்தத் திசையில் எவ்வளவு தூரம் வரை கேட்கிறது என்பதை மென்பொருள் வரைபடமாகவே போட்டுத் தருகிறது. அதைப் பாகைமானித் தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். மலைமுகடு உயரும் திசைகளில் வரைபடம் உள்ளே குழிந்திருந்தது, கணவாய் இருக்கும் திசையில் விரல்போல் வெளியே நீண்டிருந்தது. ஏதாவது மாற்றம் செய்தால் பலன் உண்டா என்று காதை நம்பி முடிவு செய்ய வேண்டியதில்லை. வரைபடம் விரிந்ததா இல்லையா என்று பார்த்தால் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதே இதில் விதி.

மழையைப் பற்றிச் சொல்லாமல் மலையகத்தில் எந்த வேலையும் முடியாது. தென்மேற்குப் பருவத்தில் எங்கள் சரிவில் நாள் முழுக்கப் பனியும் தூறலும் நிற்கும். தண்ணீர் இணைப்பு வழியாகக் கேபிளுக்குள் புகுந்தால் பின்னல் கறுத்து இழப்பு ஏறிக்கொண்டே போகும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றி, அதன்மேல் பி.வி.சி. நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றினால் ஒவ்வொரு அடுக்கும் கூரை ஓடுபோல் நீரை வெளியே தள்ளும். வினாகிரி வாசம் வீசும் சிலிக்கன் பசையை இங்கே தொடக்கூடாது, அது செம்பை அரிக்கும். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் ஒருமுறை தாழ்ந்து வளைந்து ஏற வேண்டும். நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இடியை இன்னும் கவனமாக நடத்த வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வழக்கம். மேட்டில் தனியாக நிற்கும் இரும்புக் குழாய் அதற்கு நல்ல இலக்கு. கம்பத்தின் அடியில் செம்புத் தடியை ஈர மண் கிடைக்கும் ஆழம் வரை இறக்கித் தடித்த கம்பியால் இணைத்திருக்கிறேன். இருந்தாலும் மேகம் கறுத்தால் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுவதுதான் உறுதியான பாதுகாப்பு. மின்கம்பிகளுக்கு அருகில், கம்பம் சாய்ந்தால் தொடக்கூடிய தூரத்தில், ஒருபோதும் நடக்கூடாது. ஏறும் முன் பக்கத்து மரங்களில் குளவிக்கூடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தேயிலை மலையில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இப்போதைய நிலை: மேற்கே விமானிகளின் குரல் தெளிவாக வருகிறது, முன்பு இரைச்சலில் மூழ்கிய விமானங்கள்கூட. நிலத்தில் இருந்து பேசும் கட்டுநாயக்கக் கோபுரம் கேட்கவில்லை. 85 கிலோமீற்றர் தூரத்தில், மலைத்தொடருக்கு அப்பால், தரையோடு இருக்கும் அன்டெனாவை இந்தப் பள்ளத்தில் இருந்து எந்தக் கேபிளாலும் எட்ட முடியாது. உரையாடலின் ஒரு பக்கம்தான் என்னுடையது. தலைக்கு மேலே செல்லும் விண்வெளி நிலையத்துக்கு மலை ஒரு தடையே இல்லை; அது 400 கிலோமீற்றர் உயரத்தில் போகிறது, வானத்தின் நடுப்பகுதி பள்ளத்துக்காரருக்கும் திறந்தே இருக்கிறது. வானிலைச் செயற்கைக்கோள் படம் பிடிக்க விரும்புபவர்கள், அமெரிக்காவின் பழைய நோவா 15, 18, 19 செயற்கைக்கோள்கள் மூன்றும் 2025இல் ஓய்ந்துவிட்டன என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். 137 மெகாஹேர்ட்ஸில் இப்போது தேட வேண்டியது ரஷ்யாவின் மீட்டியோர் செயற்கைக்கோள்களை. அதற்கு ஒவ்வொரு கையும் 53 சென்ரிமீற்றர், நடுவில் 120 பாகை என்று கிடையாக வைத்த வி வடிவக் கம்பிகள் போதும்.

ஹப்புத்தளை, பெரகலைப் பக்கம் விளிம்பில் வீடு உள்ளவர்களின் நிலை எனக்கு நேர்மாறு. தெற்கே சரிவு அப்படியே சமவெளிக்கு இறங்கிவிடுகிறது. மத்தல விமான நிலையம் 60 கிலோமீற்றருக்குள், நேர்ப்பார்வையில். அவர்களுக்கு 45 மீற்றர் கேபிளும் வேண்டாம், உயர்ந்த கம்பமும் வேண்டாம். கூரை விளிம்பில் ஒரு தரைத்தள அன்டெனா, ஜன்னல் வழியே சில மீற்றர் ஆர்.ஜி.6, எஃப்.எம். வடிகட்டி. அங்கே இருப்பவர் யாராவது இதைச் செய்து, நிலத்தில் இருந்து பேசும் குரலும் கேட்கிறதா என்று பார்த்துச் சொன்னால், என் தாளில் உள்ள வட்டத்துக்குப் பக்கத்தில் அவர்களின் வட்டத்தையும் வரைந்துகொள்வேன்.